இரண்டு கையெழுத்து உள்ள சீட்டு

எங்கள் ஆலை உப்புத்தாளில் தொடங்கியது. தாளில் மணல் நிற்கப் பசை வேண்டியிருந்தது. பசை கைவந்ததும் ஒட்டு நாடா வந்தது, பிறகு நீர் வடிகட்டி, கையுறை, ரயில் இருக்கைக்கு மெத்தை. எழுபத்தைந்து வருடத்தில் என்னென்ன செய்தோம் என்பது எங்களுக்கே சரியாகத் தெரியாது. அதனால் ஒரு வரலாற்றுப் புத்தகம் போட முடிவெடுத்தார்கள். முப்பது வருடம் தரச்சோதனையில் காகிதத்தோடு கிடந்தவன் என்று வேலை என் தலையில் விழுந்தது.

இங்கே ஒரு வழக்கம். புதன்கிழமை மதியத்துக்கு மேல் யாரும் மனதில் பட்டதைச் செய்து பார்க்கலாம். தோற்றுப்போனதை எறியக் கூடாது. செய்தவரும் சோதித்தவரும் சீட்டில் கையெழுத்திட்டு அலமாரியில் வைக்க வேண்டும். உள்ளே போனது லேசில் வெளியே வராது என்பதால் ஆட்கள் அந்த அலமாரியை மாமியார் வீடு என்பார்கள்.

இன்று எங்கள் பெயரை வெளியே சொல்வது மருத்துவமனை நாடாதான். தோலில் ஒட்டும், வலிக்காமல் விடும். அது ஆய்வுக்கூடத் தலைவரின் கண்டுபிடிப்பு என்று புத்தகத்துக்குப் பக்கமே தயாராகியிருந்தது. படம் எடுக்கலாமென்று அலமாரியைத் திறந்தேன். ஒரு தட்டில் பசை டப்பாவை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள், சீட்டு மட்டும் இருந்தது. அதிலிருந்த கலவை எண்தான் நாடாவின் எண். மேலே அண்ணியின் கையெழுத்து. கீழே என்னுடையது. நடுவில் 'பயனில்லை'; அதன் கீழே இரண்டு கோடு.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய புதன்கிழமை அது. அண்ணன் மனைவி அப்போது பசைப் பிரிவில் இருந்தார். அவர் கொண்டுவந்த பசையை வழக்கம்போல் இரும்புத் தகட்டில் ஒட்டி இழுத்தேன். உடனே விட்டது. ஒருமுறை கையில் ஒட்டிப் பார்க்கச் சொன்னார். நான் பார்க்கவில்லை. உப்புத்தாள் ஆலைக்காரனுக்குப் பசை என்றால் பிடிக்க வேண்டும். விடுவதும் ஒரு குணம் என்று தோன்றவில்லை. 'பிடிப்பு போதாது' என்று எழுதியிருக்கலாம். வீட்டு ஆளுக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று கோடு வேறு போட்டேன்.

அதன் பிறகு அண்ணி எந்தப் புதன்கிழமையும் வரவில்லை. பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். வீட்டில் எப்போதும்போல எனக்குச் சோறு போட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும்தான்.

அவர் செய்தது என்பதற்கு அந்தச் சீட்டு ஒன்றுதான் சாட்சி. அதைப் புத்தகத்தில் போட்டால் என் எழுத்தும் கூடவே வரும். கிழித்தால் கேட்க ஆளில்லை. இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். மாதக் கடைசியில் அண்ணிக்கு ஓய்வு.

மூன்றாம் நாள் அவர் மேசைக்குப் போனேன். நாடாச் சுருள்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சீட்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். 

"இந்த நாடாவில இருக்கிறது உங்க பசைன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"பத்து வருஷமா இதைத்தானே அடுக்குறேன். வாசனை தெரியாதா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"மறுபடியும் உங்க முன்னாடி வந்து நிக்கச் சொல்றீங்களா?"

சீட்டை வெட்டாமல் முழுசாகப் போடப்போவதாகச் சொன்னேன். உங்க பெயரும் வருமே என்றார். வரட்டும் என்றேன்.

அண்ணி ஒரு சுருளைப் பிரித்து, ஒரு துண்டு கிழித்து, முடி அடர்ந்த என் முன்கையில் ஒட்டி அழுத்தித் தேய்த்தார்.

"இப்பவாவது பாருங்க தம்பி."

இழுத்தேன். ஒரு முடிகூட வரவில்லை. கொஞ்சமாவது வலித்திருக்கக் கூடாதா என்றிருந்தது.