அலாரத்துக்கு ஒரு நோட்டீஸ்

தினமும் விடியற்காலை நாலு மணிக்கு நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து குடியிருக்கும் வாடகை வீட்டில் ஐந்து அலாரம் அடிக்கும். ஐந்தும் ஒருத்தியுடையது. பரீட்சைக்குப் படிக்கிறாளாம்! நானும் நர்ஸ் அக்காவும் பதறியடித்து எழுந்து உட்காருவோம். வைத்தவள் மட்டும் இடி விழுந்தாலும் அசையமாட்டாள். அவளுக்கு நாங்கள் வைத்த பேரே அலாரம்தான்.

சொல்லிப் பார்த்தோம், திட்டியும் பார்த்தோம். செவிடன் காதில் ஊதிய சங்குதான். "ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று நர்ஸ் அக்கா சொல்லிவிட்டாள். அக்கா போனால் சமைப்பது யார்? எனக்குச் சுடுதண்ணீர்கூட ஒழுங்காக வைக்க வராது.

நான் வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் ஒரு நாளைக்குக் குறைந்தது நாலு அடிப்பேன். எங்கள் வீட்டுச் சொந்தக்காரரும் எங்கள் வக்கீலின் கட்சிக்காரர்தான். அந்தத் தைரியத்தில், மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவர் சார்பாக அலாரத்துக்கு ஒரு நோட்டீஸ் அடித்தேன். ஐந்து அலாரம் வைத்து அமைதியைக் கெடுத்ததால் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். ஆபீஸ் முத்திரையையும் குத்தி, வீட்டுக் கதவடியில் தள்ளிவிட்டேன்.

அலாரம் அதை இரண்டு தடவை படித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்காரரோடு திரும்பி வந்தாள். மனுஷன் முகமெல்லாம் பல்.

"வக்கீல் வேகமான ஆளும்மா! மகன் குடும்பத்தோட வரான், வீடு வேணும்னு போன மாசம் பேச்சுவாக்குலதான் சொன்னேன். அதுக்குள்ள நோட்டீஸே விட்டுட்டாரே!"

"நோட்டீஸ் அவளுக்கு மட்டும்தானே சார்?" என்றேன்.

"இங்க பாரும்மா, 'அவருடன் குடியிருப்போர் அனைவரும்'னு தெளிவா போட்டிருக்கு."

அட பாவி! எல்லா நோட்டீஸிலும் அடிக்கிற வரி. கை தானாக அடித்திருக்கிறது. பொய் நோட்டீஸ் என்று சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் வீடு போகும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். நர்ஸ் அக்கா என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

அவர் போனதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அலாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னை மன்னிச்சிடுடி. அத அடிச்சது நான்தான்."

"தெரியும்க்கா. வேற தெருவுல இருக்கறவருக்கு நான் எத்தன அலாரம் வைக்கறேன்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுமா அவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டின?"

"பின்ன? என்னத் துரத்தத்தானே பாத்தீங்க? இந்த வெயில்ல நான் ஒருத்தி மட்டும் வீடு தேடி அலையணுமா?" என்றாள். "கெளம்புங்க, மூணு பேருமாப் போய்த் தேடலாம்."