திரும்பி வந்த மூக்கு

நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் குளிர்காலம் முழுக்கக் காற்றில் தொங்கிய காட் மீன், உப்பே படாமல் கருவாடாகி, ஜூனில் தரம் பிரிக்க வரும். தலை நீக்கிய கழுத்து வெட்டில் மூக்கை வைத்து ஒரு முறை முகர வேண்டும். மறு நொடி மீன் அதற்குரிய குவியலில் விழ வேண்டும். எங்கள் கிடங்கில் முகர்வது ஹெர்டிஸ். மூட்டை கட்டுவது நான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காய்ச்சல் அவளுடைய மோப்ப சக்தியை முழுதாகக் கொண்டுபோனது. பிறகு அது கோணலாகத் திரும்பியது. காபி எரிந்த டயராக நாறியது. நல்ல கருவாடும் அப்படியே. உள்ளே கெட்டுப்போன மீனோ பழுத்த பேரிக்காயாக மணத்தது.

"நல்ல அறிகுறிதாங்க," என்றாராம் பூடோ நகர மருத்துவர். "நரம்பு மறுபடி வளருது, தப்பான எடத்துல போய் ஒட்டிக்கிச்சு. ரோஜா, எலுமிச்சை, கிராம்புன்னு தினமும் முகர்ந்து பாருங்க. மூளை மெதுவா கத்துக்கும்."

அதுவரை காத்திருந்தால் வேலை போய்விடும். நாறினால் முதல் தரம், இனித்தால் கழிவு என்று ஹெர்டிஸ் தலைகீழாகப் பிரிக்கத் தொடங்கினாள். எனக்கு மட்டும் சொன்னாள்; மற்றவர்களுக்குத் தெரிந்தது அவளுக்குக் காபி நாறுகிறது என்பது மட்டும். போன வருடம் இத்தாலிக்குப் போன சரக்கில் ஒரு குறையும் வரவில்லை.

இன்று காலை இடைவேளையில் கோப்பையை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"மறுபடி டயரா?" என்றேன்.

"இல்ல. காபி."

"காபிதானே ஊத்தினேன்."

"காபி வாசனையே வருதுடா."

மேலாளர் ஐலிஃப் மேசையைத் தட்டினான். "அப்பாடா, இனிமே எங்க காபியப் பாத்து மூஞ்சியச் சுளிக்க மாட்ட. நாளைக்கு வாஃபிள் என் செலவு."

ஹெர்டிஸ் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள். "காலையில நாத்தம் கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு," என்றாள் என் காதருகே. "அது நெஜமாவே கெட்ட மீனா இருக்கலாம்னு நான் யோசிக்கவே இல்ல. கை பாட்டுக்கு முதல் தரத்துல எறிஞ்சிக்கிட்டே இருந்துச்சு."

"எப்பலேருந்து?"

"தெரியல. நேத்தே மாறியிருந்தா?"

"பேசாம இரு. மத்தியானம் லாரி கிளம்பிடும்."

அவள் எழுந்துபோய் என் கத்தியை எடுத்து, நான் கட்டி வைத்திருந்த முதல் மூட்டையின் கயிற்றை அறுத்தாள். ஐலிஃப் ஓடி வந்தான்.

"பைத்தியமா உனக்கு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், பேரிக்காய் உட்பட. ஐலிஃப் சரிந்த கருவாடுகளில் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"சரி. இது எப்படி?"

முகர்ந்தாள். "நல்லதுன்னு தோணுது."

"தோணுதா?"

மறுபடி முகர்ந்தாள். எந்தக் குவியலிலும் எறியாமல் மீனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஐலிஃப் போய் அவனை வெறும் லாரியோடு திருப்பி அனுப்பினான்.