அடுத்த கேள்வி

எங்கள் தொழிலில் முதல் பாடமே முகம் மாறக் கூடாது என்பதுதான். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண், "அவர் என்னைத் தொட்டே ஒரு வருஷமாச்சு" என்பாள். இன்னொருத்தி, "குளிக்கும்போது கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிடுவேன்" என்பாள். நாங்கள் தலையை லேசாக ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். நம் புருவம் ஒரு இம்மி உயர்ந்தாலும், அதற்குப் பிறகு நமக்குப் பிடித்த பதிலாகப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த பெண்கள் அதன் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. தூக்கம், வலி, பயம், வேலை, தாம்பத்தியம் என்று இருபது வருஷத்துக்கும் மேலாக ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். முகம் மாறாமல் கேட்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

என் அக்கா அழகு நிலையம் நடத்துகிறாள். மூன்று நாற்காலி, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, மூலையில் தலை அலசும் தொட்டி. அவளுக்கே அந்த நோய் வந்தது. இடது மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டிப்போனது. "முடி வெட்டுறவளுக்கே மொட்டை. கடைக்கு இதைவிட விளம்பரம் வேணுமா?" என்று அவளே சிரித்தாள். திரும்ப முளைத்தபோது சுருள் சுருளாக வந்தது. பிறந்ததிலிருந்து குச்சி மாதிரி நேராக இருந்த முடி! வருகிறவர்கள் எல்லாம் எங்களுக்கும் இதே மாதிரி பண்ணிவிடு என்று கேட்டார்களாம். சிகிச்சை முடிந்து, நோய் திரும்பாமல் இருக்க ஐந்து வருஷத்துக்குத் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

இந்தச் சமயத்தில் எங்கள் குழு கேள்விகளைப் புதிதாக எழுதியது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் முன் யாரிடமாவது வாய்விட்டுப் படித்து ஒத்திகை பார்ப்பது வழக்கம். சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒத்திகைதானே, ஆராய்ச்சிக் கணக்கில் சேராதே என்று அக்காவைப் பிடித்தேன். கடைக்கு அன்று விடுமுறை. அவள் நடு நாற்காலியில் மகாராணி மாதிரி சாய்ந்துகொண்டாள். நான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"கடந்த ஒரு வாரத்தில் உங்கள் தூக்கம் எப்படி இருந்தது?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன். அது யாருடி உங்கள்?"

"கேள்வி அப்படித்தான் இருக்கு. பதிலை மட்டும் சொல்லு. மருந்துகளை எடுத்துக்கொள்வதில் சிரமம் இருந்ததா?"

"சிரமமெல்லாம் இல்ல. அதான் மாத்திரையை விட்டுட்டேனே."

நான் தலையை லேசாக ஆட்டினேன். எழுதினேன். "வீட்டு வேலைகளைச் செய்வதில் சிரமம் இருந்ததா?" என்று படித்தேன்.

காதில் விழவில்லை என்று சொன்னால் பொய். விழுந்தது. ஆனால் தலை தன்பாட்டுக்கு ஆடியது, வாய் தன்பாட்டுக்கு அடுத்த கேள்வியைப் படித்தது. கடைசிக் கேள்வி முடியும் நேரம் ஒரு பெண் கதவைத் தட்டி, சாயங்காலம் மேடையேறிப் பேச வேண்டும், தலையைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். அக்கா எழுந்துகொண்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவள் சொன்னது உறைத்தது. விட்டுவிட்டேன் என்றால் என்ன? நடுவில் ஒரு நாள் மறந்தாளா, ஒரேயடியாகவா? உடனே போன் பண்ணலாம் என்று கையில் எடுத்தேன். யாராகப் பேசுவது, தங்கையாகவா, கேள்வி கேட்டவளாகவா? ஒத்திகையில் நம்பிச் சொன்னதை வெளியே எடுத்துப் பேசினால் அது துரோகமில்லையா? பேசாமல் இருந்தால் அது அதைவிடப் பெரிய துரோகமில்லையா? மாத்திரையை நிறுத்தும் பெண்களைத் திட்டாதீர்கள், ஏன் என்று காதுகொடுத்துக் கேளுங்கள், முடிவு அவர்களுடையது என்று டாக்டர்களுக்கு மேடை மேடையாகச் சொன்னவளே நான்தான். இப்போது என் கை என்னவோ அவள் வாயைப் பிளந்து மாத்திரையைப் போடத் துடித்தது. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். போனை அன்றும் பண்ணவில்லை, மறுநாளும் பண்ணவில்லை.

வாரக் கடைசியில் அத்தானே கூப்பிட்டுவிட்டார். சாதாரணமாக என்னிடம் அதிர்ந்து பேசாத மனுஷர்.

"ஏம்மா, உனக்கு முன்னாடியே தெரியுமாமே?"

"என்ன அத்தான்?"

"மாத்திரையைத்தான் சொல்றேன். ரெண்டு மாசமா தொடவே இல்லையாம். எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது. சத்தம் போட்டேன். அதுக்கு அவ, 'தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன், அவ ஒரு வார்த்தை சொல்லல, மூஞ்சிகூட மாறல, அவளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா'ன்னு கேக்கறா. நீயே சம்மதிச்சாச்சு, அப்புறம் நான் யாரு?"

"நான் சம்மதிக்கல அத்தான்."

"அப்ப ஏம்மா சும்மா இருந்தே?"

முகம் மாறக் கூடாது என்பது எங்கள் விதி என்று சொல்லியிருந்தால் போனிலேயே அடித்திருப்பார். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கிறவரைச் சராசரி என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கேட்டாலும் சராசரியில்தான் பேசுவார். அவர் மேஜைக்குப் போனேன்.

"ஒருத்தி மாத்திரையைப் பாதியில விட்டுட்டா. அவளுக்கு நோய் திரும்ப வருமா?"

"எத்தனை பேர்ல மேடம்?"

"ஒருத்தி. ஒரே ஒருத்தி."

"ஒருத்தின்னா நான் எங்க போறது? ஆயிரம் பேரைக் கொண்டு வாங்க. மாத்திரை போட்டா எத்தனை பேர் தப்பிப்பாங்கன்னு சொல்றேன். அதுல உங்க ஆளு யாருன்னு கேட்டா, எனக்கு எப்படித் தெரியும்?"

எரிச்சலாக வந்தது. அவர் மேல் என்ன தப்பு? என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இத்தனை வருஷமாகச் சொன்ன பதிலும் இதேதான்.

நேரே கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் யாரும் இல்லை. அக்கா துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அவர் வத்தி வச்சாச்சா?" என்றாள்.

"ஏன்க்கா விட்டே?"

"இது கேள்வித்தாள்ல இருக்கா?"

"அக்கா!"

அவள் வலது கையை என் முன்னால் நீட்டினாள். "மாத்திரை போட்ட நாள்லேர்ந்து காலையில எழுந்தா இது மடங்காது. வெந்நீர்ல முக்கி வச்சு, முக்கி வச்சு, பத்து மணிக்குத்தான் என் பேச்சைக் கேக்கும். கத்தரிக்கோல் வளையத்துல விரல் நுழைஞ்சா வெளிய வராது. ஒருநாள் ஒரு பொண்ணோட காதை வெட்டப் பார்த்தேன். நிறுத்தினேன். மூணே வாரம், விரல் பழையபடி ஆயிடுச்சு. மாரை எடுத்தாங்க, கொடுத்தேன். முடி போச்சு, சிரிச்சேன். கையையும் கேட்டா எப்படிடி?"

மூட்டு இறுக்கம் என்று நானே எத்தனையோ கட்டுரையில் எழுதியிருக்கிறேன். காதை வெட்டப் பார்த்தது எதிலும் வரவில்லை.

"சரி, நீதான் படிச்சவளாச்சே. மாத்திரை போட்டா எனக்குத் திரும்ப வராதா?"

"வர்ற வாய்ப்பு குறையும்."

"வராதான்னு கேட்டேன்."

"தெரியாது."

"போடலைன்னா வருமா?"

"தெரியாதுக்கா."

"அப்புறம் இருபது வருஷமா என்னதாண்டி பண்ணே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குச் சுரீர் என்றது. உன் முடிவை மதிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் படிப்பு அதைத்தான் சொல்லச் சொன்னது. வாயிலிருந்து வந்ததோ வேறு.

"உன் கை வலிச்சாலும் பரவாயில்ல. மடங்கலைன்னாலும் பரவாயில்ல. கடையை மூடினாலும் பரவாயில்ல. நீ இருக்கணும்."

சொல்லி முடித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. இதே வார்த்தையை ஒரு நோயாளியின் தங்கை சொல்லியிருந்தால், எவ்வளவு சுயநலம் பார் என்று மனசுக்குள் திட்டியிருப்பேன்.

அக்கா துண்டைக் கீழே வைத்தாள். "அப்படின்னா நான் மாத்திரை போட்டா நல்லா இருக்கப் போறது நீ. நான் இல்ல."

"ஆமா," என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னிக்கு நீ குதிப்பேன்னு நினைச்சேன். திட்டுவே, சண்டை போடலாம்னு தயாரா இருந்தேன். நீ தலையை ஆட்டிட்டு வீட்டு வேலையைப் பத்திக் கேட்டே. முதல்ல நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். இவளுக்கு நான் இருந்தா என்ன, போனா என்னன்னு ஆயிடுச்சு போல. நானும் இவ கேள்வி கேட்ட ஆயிரம் பேர்ல ஒருத்தி ஆயிட்டேன் போல. அத நினைச்சா வலியைவிட மோசமா இருந்துச்சுடி."

நான் அழுதேன். முக்காலியில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவள் மடித்து வைத்த துண்டில் ஒன்றை எடுத்து என் மேல் எறிந்தாள்.

"அழுதா மட்டும் போட்டுடுவேன்னு நினைக்காதே."

"போட வேணாம்க்கா. இல்ல, போடு. ஐயோ, எனக்கு ஒண்ணுமே புரியல."

"எனக்கு மட்டும் புரியுதா?"

வேறு மாத்திரைகளும் இருக்கின்றன என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன். சிலருக்கு அதில் வலி குறையும், சிலருக்குக் குறையாது, அவளுக்கு எப்படியென்று தெரியாது என்றேன். மறுபடியும் தெரியாதா என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அது கோபத்தில் கலங்கியதா, வேறெதிலாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் முகங்களைப் பார்த்தே பிழைத்தவள் நான்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம், வா," என்றாள் கடைசியில். "வலி தாங்கலைன்னு நான் சொல்றேன். இவ இருக்கணும்னு நீ சொல்லு. ரெண்டையும் கேட்டுட்டு அந்த மனுஷனும் கொஞ்சம் குழம்பட்டும்."