இசபெல்லம்மாவின் பழைய பெயர்

தோள் பயிற்சிக்காகக் கதவுப்பிடியில் கட்டியிருந்த இறப்பர்ப் பட்டியை வலது கையால் பதினோராவது தடவை இழுத்தபோது யூலியானாவின் போனில் அந்தப் படம் வந்து விழுந்தது. மன்னாரில் இருந்து பங்குத்தந்தை அனுப்பியிருந்தார். செல்லரித்த ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கம். லத்தீனில் சாய்வாக எழுதிய ஐந்து வரிகள். கீழே அவரே தமிழில் விளக்கம் எழுதியிருந்தார். பட்டியை விட்டுவிட்டு, குசினி மேசையில் இருந்து அதை மூன்று முறை வாசித்தாள்.

வயோதிபர் இல்லத்தில் ஒரு பாரமான கிழவரைத் தூக்கும்போது தோள் பிசகி நான்கு மாதமாகிறது. அதற்குப் பிறகு டென்மார்க்கின் பிராண்டேயில் தங்கள் வீடுதான் அவளுக்கு எல்லாம். கார் ஓட்டத் தெரியாதவருக்கு அந்த ஊரில் கால் இல்லாத மாதிரி. கணவன் அந்தோனிமுத்து மின்சாரக் காற்றாடி செய்யும் தொழிற்சாலைக்கு விடிய ஐந்தரைக்குப் போனால் நாலு மணிக்கு வருவான். மகள் ஸ்ரெபானி ஓல்போர்க்கில் படிக்கிறாள். மாதம் ஒருமுறை நகரசபையான கொம்யூனில் இருந்து ஒரு பெண் போன் எடுத்து, கை எவ்வளவு உயருகிறது என்று கேட்பாள். சும்மா இருக்கிறாய்தானே என்று இந்தப் பதிவேடு தேடும் வேலையைத் தந்தவள் கோல்டிங்கில் இருக்கும் மச்சாள் விமலராணி, அந்தோனிமுத்துவின் தமக்கை. ஓகஸ்டில் ஸ்ரெபானிக்குக் கலியாணம். மாப்பிள்ளை றொனிஷனின் ஆட்கள் பரம்பரை பார்க்கிறவர்கள். மண்டபத்தில் எல்லாருக்கும் கொடுக்கக் குடும்ப வரலாறு ஒன்று அச்சடிக்க வேண்டும். முதல் பக்கத்தில் அந்தோனிமுத்துவின் பாட்டனைப் பெற்ற இசபெல்லம்மா வரவேண்டும். ஊருக்குத் தலைவரான உடையாரின் மகள், கோவிலுக்குக் காணி கொடுத்தவள். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள்.

பதிவேடு வேறு விதமாகச் சொன்னது. 1867, ஆவணி. வயது ஏறத்தாழ இருபது. தென்னிந்தியாவின் ஏதோ நாட்டுப்புறத்தில் இருந்து கடல் கடந்து, கண்டிப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்துக்கு நடந்துபோன கூலிக் கூட்டத்தில் ஒருத்தி. வாந்திபேதி கண்டதால் கங்காணி பாதையோரத்தில் விட்டுப் போனான். சாகக் கிடந்தவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து இசபெல் என்று பெயர் வைக்கப்பட்டது. முந்தைய பெயர் இருளாயி. தகப்பன் பெயர் தெரியாது.

யூலியானாவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. பிறகு தன் தகப்பன் நினைவுக்கு வந்தார். அவர் இந்தியாவில் இருந்து வந்த கூலிகளின் வழியில், மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழு கலவரத்தில் குடியிருந்த லயத்தை எரித்தபோது வடக்கே ஓடிவந்து மன்னார்ப் பெருநிலத்தில் குடியேறியவர். அந்தோனிமுத்து ஊருக்குப் போன இடத்தில் அவளை விரும்பி, பிடிவாதமாகக் கட்டினான். விமலராணி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: தோட்டம் என்ற சொல் டென்மார்க்குக்கு வரக்கூடாது. இருபத்திமூன்று வருடமாக வரவில்லை. சொந்த ஊர் கேட்டால் மன்னார்ப் பட்டணம் என்பாள். பேச்சில் தாயின் தோட்டத்துச் சொல் ஏதும் தவறி வந்துவிட்டால், சபையில் மச்சாளின் கண் அவள் மேல் ஒருகணம் நிற்கும். தகப்பன் செத்தபோது மரண அறிவித்தலில் பிறந்த இடம் போடவில்லை. ஸ்ரெபானிக்கும் தெரியாது.

அடுத்த மூன்று கிழமையும் அவள் இருளாயியோடுதான் இருந்தாள். கேட்கக் கேட்கப் பங்குத்தந்தை பக்கம் பக்கமாகப் படம் அனுப்பினார். இருளாயி சாகவில்லை. நாலு வருடத்துக்குப் பிறகு சூசை என்ற மீன்பிடிகாரனைக் கட்டினாள். ஏழு பிள்ளைகள், இரண்டு குழந்தையிலேயே போயிற்று. ஒவ்வொரு பிள்ளையின் பதிவிலும் தாயின் பெயருக்குப் பக்கத்தில் குருவானவர் விடாமல் 'வந்தேறி' என்று எழுதியிருந்தார். இருளாயியின் ஊர்ப்பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. எஞ்சிய இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு யூலியானா இராமநாதபுரத்து வரைபடத்தில் நாள்கணக்காகத் தேடினாள். கிடைக்கவில்லை. இறங்குதுறையில் இருந்து மாத்தளை வரை காட்டுப் பாதையை அளந்து பார்த்தாள். பிராண்டேயில் இருந்து ஓல்போர்க் போய், பாதி வழி திரும்பி வரும் தூரம். அதில் எந்த இடத்தில் அவளை விட்டார்கள், விடும்போது தண்ணி வைத்தார்களா என்று யோசித்துக்கொண்டு, அடுப்பில் சோறு அடிப்பிடிப்பதையும் கவனியாமல் இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மண்டபம் பார்க்க மூவரும் காரில் புறப்பட்டார்கள். அந்தோனிமுத்து ஓட்ட, விமலராணி முன்னால் இருந்தாள். யூலியானா பின்னால். ஊர் எல்லையில் பொலிஸ்காரன் கைகாட்டி மறித்தான். வளைவில் ஏதோ நீளமான பாரவண்டி திரும்ப வேண்டுமாம். எஞ்சினை நிறுத்தினார்கள். புத்தகம் முடிந்ததா என்று விமலராணி கேட்டாள்.

"மச்சாள், இசபெல்லம்மா உடையாற்றை மகள் இல்லை."

விமலராணி திரும்பவில்லை. "தெரியும்," என்றாள்.

யூலியானா அந்தோனிமுத்துவின் பிடரியைப் பார்த்தாள். அது அசையவில்லை. அவனுக்கும் தெரியும் என்பது அதிலிருந்தே விளங்கியது.

"தெரிஞ்சுகொண்டே என்னை இவ்வளவு வருசம்..."

"தெரிஞ்சபடியாத்தான்," என்றாள் விமலராணி. கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டாள். "ஊரில ஆரும் மறக்கேல்லை. பள்ளிக்கூடத்தில எனக்குப் பேர் இல்லை. தெருவில கிடந்தவளின்ரை வம்சம் எண்டுதான் கூப்பிட்டவை. இஞ்ச வந்து இறங்கின பிறகுதான் அது நிண்டது. நீ வந்தோடனை திரும்பத் துவங்கிப்போடும் எண்டு பயந்தன்."

யூலியானா இத்தனை நாளாக மனதுக்குள் சொற்களைத் தீட்டி வைத்திருந்தாள். அவற்றை எறிய எதிரே ஆள் இல்லை. முன்னால் இருந்தது அறுபத்தைந்து வயதுப் பெண்ணின் மெலிந்த தோள், அதுவும் ஒடுங்கியிருந்தது.

"அந்தப் பக்கத்தை விட்டிடும், யூலி," என்றான் அந்தோனிமுத்து மெதுவாக. "பிள்ளையின்ரை கலியாணம். உம்மடை தோட்டத்துக் கதையும் சேந்துதான் வெளியில வரும்."

அது உண்மை. ஒரு கதவைத் திறந்தால் எல்லாக் கதவும் திறந்துவிடும். மூடிவைத்தால் நால்வரும் உள்ளே. ஸ்ரெபானி, தான் உள்ளே இருப்பதுகூடத் தெரியாமல் இருப்பாள். அவளுக்குப் பிறக்கப்போகிறதும் அப்படித்தான்.

யூலியானா போனை எடுத்தாள். பதிவேட்டின் முதல் படத்தை மகளுக்கு அனுப்பினாள். ஒரு சொல்லும் எழுதவில்லை. முன்னால் இருந்த இருவருக்கும் அது தெரியாது. அரை நிமிடத்தில் டெனிஷில் பதில் வந்தது: "யார் இது, அம்மா?"

'எங்கட' என்று எழுதினாள். அழித்தாள். 'என்ரை' என்று எழுதினாள். இருளாயியின் கதையா, தன் தகப்பனின் கதையா எது முதலில் என்று விரல் அங்கேயே நின்றது.

வெளியே பாரவண்டி வந்துவிட்டது. அது ஏற்றிவந்த காற்றாடி இறகு கண்ணாடியை உரசுவதுபோல் காரைத் தாண்டத் தொடங்கியது. வெள்ளையாக, எழுத்தோ கோடோ இல்லாமல், வயலையும் வானத்தையும் மறைத்துக்கொண்டு, ஒரு ஆள் நடக்கும் வேகத்தில் அது போய்க்கொண்டே இருந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். நுனி இன்னும் தெரியவில்லை.