தூரம் கூடிய வழி

வாயைத் திறக்காத மனிதர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேப்டன் ரௌனோ அதில் முதல் ஆள். அவரிடமிருந்து நாலு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு நரை விழுந்துவிடும். ஹெல்சிங்கியில் விமானங்களுக்கு வழி போட்டுக் கொடுப்பது என் வேலை. அதனால் அவரோடு பேசாமல் தப்பவும் முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டோக்கியோவிலிருந்து கூப்பிட்டார். விமானம் கிளம்ப நாலு மணி நேரம் தாமதம்.

"எத்தனை மணிக்கு இறங்குவேன், துலிக்கி?"

"ரஷ்யா மேல பறக்க முடியாதே, துருவத்துக்கு மேல நேர்வழி. பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், எதிர்காத்து. காலைல பத்து இருபது."

"சரி." வைத்துவிட்டார்.

பத்தே நிமிடத்தில் அவர் மனைவி ஐலி அழைத்தாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு எங்க ஐரா பள்ளிப் படிப்பு முடிச்ச அடையாளமா வெள்ளைத் தொப்பி வாங்குறா. அப்பா வந்துடுவாரான்னு நூறு தடவை கேட்டுட்டா. அவர் உன்கிட்ட சொன்னாரா?"

"எங்க சொன்னாரு! சரின்னு வெச்சுட்டாரு."

விமானம் இறங்கி, வெளியே வந்து, பள்ளிக்கூடம் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது வேண்டும். பத்து இருபது என்றால் அந்தப் பெண் ஏமாந்துதான் நிற்பாள். எனக்கு வந்ததே கோபம்!

"உதவி கேட்டா தலைல இருக்குற கிரீடம் இறங்கிடுமா?" என்று கத்தினேன்.

பக்கத்து மேசை ஓஸ்மோ சிரித்தான். "நீ மட்டும் என்னவாம்? கால் ஒடிஞ்சப்போ பஸ் ஏறித்தானே ஆஸ்பத்திரிக்குப் போன?"

"உன் வேலையைப் பாருடா."

காற்று வரைபடத்தை விரித்தேன். கிரீன்லாந்துப் பக்கம் வளைந்து வந்தால் தூரம் இருநூற்று அறுபது கிலோமீட்டர் கூடுகிறது. ஆனால் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. ஒன்பது நாற்பத்தெட்டுக்கு இறங்கிவிடலாம். மூன்று முறை கணக்குப் போட்டும் அதேதான். உடனே ரௌனோவைப் பிடித்தேன்.

"என் சொந்த விஷயத்துக்காக வழியை மாத்தாதே," என்றார். ஐலி பேசியதை எப்படியோ மோப்பம் பிடித்திருந்தார்.

"யாருங்க உங்களுக்காக மாத்துறது? எரிபொருள் மூணு டன் மிச்சம். கூட வர்ற இருநூத்தம்பது பேரும் சீக்கிரம் வீட்டுக்குப் போவாங்க. உங்க பொண்ணு விஷயம்ங்கிற ஒரே காரணத்துக்காக அத்தனை பேரையும் லேட்டா போகச் சொல்றீங்களா?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அனுப்பு," என்றார்.

விமானம் ஒன்பது நாற்பத்தாறுக்கே இறங்கிவிட்டது. இரண்டு நிமிடம் பிசகியதற்கு ஓஸ்மோ என்னைக் கிண்டல் செய்து தீர்த்தான். எனக்கு அது உறைக்கவே இல்லை.

திங்கட்கிழமை ரௌனோ எங்கள் அறைக்கு நேரிலேயே வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். ஓஸ்மோவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"தொப்பி வெச்சதும் கூட்டத்துல என்னைத்தான் முதல்ல தேடினா," என்றார். "நான் இருந்தேன்."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ஓஸ்மோ என்னிடம் கைக்குட்டையை நீட்டினான். அந்தப் பயல் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.