நடுக்கடலில் டவர்

கரையிலிருந்து அறுபது மைல் தள்ளி என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தபோது எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கடலோரக் காவல் படையின் ரோந்துக் கப்பல் ஒன்றில் நான் மெக்கானிக். எங்களுக்கு எதிரே அரை மைலில் ஒரு வெள்ளைக் கப்பல், வேற்று நாட்டுக் கொடியோடு, இரண்டு நாளாக எங்கள் எல்லைக்குள் நின்றது. மீன் ஆராய்ச்சிக்கு வந்ததாகச் சொன்னார்கள். மீனைப் பார்க்க வந்தவர்களுக்கு வானத்தைப் பார்க்கும் நான்கு பெரிய ஆன்டெனா உருண்டைகள் மேல்தளத்தில் எதற்கு என்று எங்கள் சமையல்காரருக்கே சந்தேகம். வெளியே போகச் சொல்லி கேப்டன் வயர்லெஸ்ஸில் ஆங்கிலத்தில் அதட்டுவார். அவர்களும் ஆங்கிலத்தில் பவ்யமாக மன்னிப்புக் கேட்பார்கள். ஓர் அடி நகர மாட்டார்கள்.

அன்று காலையில்தான் எங்கள் இரண்டு இன்ஜின்களில் ஒன்று படுத்துவிட்டது. கேப்டன் கீழே இறங்கி வந்து பார்த்தார். இன்ஜின் அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

"இது நம்ம நாலு பேரைத் தாண்டக் கூடாது. துணைக் கப்பல் நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் மிரட்டியே ஓட்டணும். ஒரு இன்ஜின்தான்னு தெரிஞ்சா அவன் நம்மளச் சட்டையே பண்ண மாட்டான்."

"வாயே திறக்க மாட்டேன் சார்" என்றேன். என் வாய் எனக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் சொன்னேன்.

நாங்கள் கரையை விட்டுக் கிளம்பிய அன்றுதான் என் மனைவியைத் தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இருபது மைல் தாண்டினால் டவர் கிடைக்காது, கரைக்குத் திரும்பித்தான் எதுவும் தெரியவரும் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் டவர் ஃபுல்லாக இருந்தது. மேல்தளத்துக்கு ஓடினேன். ஆளாளுக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெள்ளைக் கப்பல் பக்கமாகவே வரிசைகட்டி நின்றார்கள். அந்தப் பக்கம்தான் நன்றாகக் கேட்டது. ஒருத்தனுக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"வலி ஆரம்பிச்சிடுச்சுங்க" என்றாள் அவள். "எப்ப வருவீங்க?"

"நாளைக்கே கிளம்பிடுவேன்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

"இந்தத் தடவ நெஜமா. எங்க கப்பல்ல ஒரு இன்ஜின் போயிடுச்சு. நாளைக்கு இன்னொரு கப்பல் வந்ததும் எங்களைக் கரைக்கு அனுப்பிடுவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாத."

"ஆமா, இந்த வலில நான் ஊரெல்லாம் போய்ச் சொல்லப் போறேன்" என்று சிரித்தாள்.

மூன்று மணிக்கு, ஆயில் கணக்கைச் சொல்ல நான் கேப்டன் அறைக்குப் போனபோது, அவர் வயர்லெஸ்ஸில் கடைசி எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் கிளம்பாவிட்டால் முழு வேகத்தில் வந்து உங்கள் கப்பலில் ஏறிச் சோதனை போடுவோம் என்றார்.

பிறகு ஒரு குரல் வந்தது. ஆங்கிலத்தில் இல்லை, எங்கள் மொழியில். செய்தி வாசிப்பவரைப் போல அவ்வளவு சுத்தமாக.

"முழு வேகத்திலா? ஒற்றை இன்ஜினை வைத்துக்கொண்டு சிரமப்பட வேண்டாம், கேப்டன். உங்கள் துணைக் கப்பல் நாளைதானே வருகிறது."

வயர்லெஸ்காரர் தன் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக அந்த உருண்டைகளைப் பார்த்தார்.

"சார், இங்க டவர் கிடைக்கவே கூடாது. இது அவங்க டவர். நம்ம ஆளுங்க பேசினது மொத்தமும் அவங்க வழியாத்தான் போயிருக்கு."

"இன்ஜின் விஷயத்தை யார் பேசினது?" என்றார் கேப்டன்.

"நான்தான் சார். பொண்டாட்டிக்கு வலி எடுத்திருக்கு. அவகிட்டதான் சொன்னேன்."

அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "எல்லார் போனையும் அணைச்சு ஒரு வாளியில போட்டு எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

வாளியோடு கப்பல் முழுக்கச் சுற்றினேன். கடைசியாக என் போனை எடுத்தேன். அணைக்கப் போகும்போது அது அடித்தது. மாமியார். பிரசவ அறை வாசலிலிருந்து அவர் எதற்குக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். கட்டைவிரல் அந்தப் பச்சைப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. பேசினால் வெள்ளைக் கப்பலிலும் கேட்பார்கள். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அணைத்தேன்.

நான் வாளியைக் கொண்டுபோய்க் கேப்டன் காலடியில் வைத்தபோது, இரண்டு நாளில் முதல் தடவையாக வெள்ளைக் கப்பல் நகர்ந்தது. வெளியே போகவில்லை. எங்களை நோக்கி வந்தது, கொஞ்சமும் அவசரமில்லாமல்.

வயர்லெஸ் கரகரத்தது.

"கேப்டன், ஒரு சிறு செய்தி. உங்கள் மெக்கானிக்கின் போன் அணைந்திருக்கிறது. அவருடைய மாமியார் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். பெண் குழந்தை. இருவரும் நலம். வாழ்த்துகள்."

அறையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது சந்தோஷமா பயமா என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. அவர்கள் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உண்மையாக இருந்தால் அவள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"பதில் பேசாதீங்க" என்றார் கேப்டன் வயர்லெஸ்காரரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "கீழ போப்பா. இருக்கிற ஒண்ண ஓட்டு. அவன் பக்கமாவே போவோம்."

இரும்பு ஏணியில் பாதி இறங்கியிருப்பேன். மேலே அந்தக் குரல் மறுபடி கேட்டது. அதே சுத்தம், அதே பொறுமை. என் மகள் எத்தனை கிலோ என்று சொல்லிக்கொண்டிருந்தது.