கண்டி ஆடாதோடையின் தலைகீழ்த் துண்டு

கிருஷாந்தி அனுப்பிய இரண்டு கோப்புகளில் முதலாவது பேராசிரியர் விவேகானந்தனின் போனில் திறக்கவில்லை. இரண்டாவது திறந்தது. திறந்ததை வைத்துத்தானே ஆராய்ச்சி செய்யமுடியும்? அவரும் செய்துவிட்டார்.

கண்டிக்குப் பக்கத்துத் தெல்தெனியாவில் பறித்த ஆடாதோடை இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணியிலிருந்து மரபணுத்தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசித்தெடுத்தவள் அவருடைய உதவியாளர் கிருஷாந்தி. அந்தத் தொகுதி வளையல் மாதிரி வட்டமானது. இலைக்குள் அப்படி எத்தனையோ வளையங்கள்; அவற்றில் ஒரு சிறு துண்டு பாதி வளையங்களில் நேராகவும் மீதிப் பாதியில் தலைகீழாகவும் கிடக்கும், ஒரே இலைக்குள்ளேயே. அதனால்தான் கணினி கோப்புக்கு ஒன்றாக இரண்டு விடை தருகிறது, இரண்டுமே சரி. உலகத்துக்கு இது தெரிந்து நாற்பது வருடமாகிறது. பேராசிரியருக்கு மட்டும் சேதி வந்து சேரவில்லை. தம் கையில் திறந்த கோப்பை இந்திய ஆடாதோடையோடு ஒப்பிட்டார். அந்தத் துண்டின் பதினேழாயிரம் எழுத்தும் தலைகீழாக நின்றது. கண்டி ஆடாதோடை உலகத்திலேயே தனி இனம் என்று அன்று மாலையே பத்திரிகைகளுக்கு அறிக்கை பறந்தது.

கிருஷாந்தி மாட்டிக்கொண்டாள். நோர்வேயில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பேராசிரியர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகப் பரிந்துரைக் கடிதம் அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் சொந்த ஊரான புசல்லாவைக்கு பஸ் ஏறவேண்டியதுதான். ஆனாலும் பொய்க்குத் துணைபோக மனம் வரவில்லை.

“சேர், அந்தத் துண்டு எல்லாச் செடியிலயும் ரெண்டு மாதிரியும் இருக்குங்க. மொத ஃபைலையும் பாருங்க சேர்.”

“பிள்ளை, உமக்கு வேலை கூடிப்போச்சு. ரெண்டு நாள் லீவு எடும்,” என்றார் அவர், மிகுந்த பரிவோடு.

செவ்வாய்க்கிழமை கண்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பத்திரிகையாளர் சந்திப்பு. பல்லேகலவிலிருந்து வந்திருந்த ஆடாதோடை இருமல் பாணிக் கம்பனிக்காரர் தம் மருந்துப் போத்தலுக்கு ‘தலைகீழ் மரபணு’ என்று லேபலே அடித்துக் கொண்டுவந்துவிட்டார். துண்டு எது, இலை எது என்று அவரிடம் யார் கேட்கப்போகிறார்கள்? றம்லத் என்ற நிருபர் மட்டும் எழுந்து உருப்படியாக ஒன்று கேட்டாள்.

“இது நம்மட ஆடாதோடைல மட்டும்தானா ஈக்குது?”

“அதை எங்கட பிள்ளையே சொல்லட்டும்,” என்று பேராசிரியர் ஒலிவாங்கியை நீட்டினார். கிருஷாந்தி அதை வாங்கினாள். கடிதம் போனால் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

“இல்லங்க. இந்தியச் செடியிலயும் இருக்கு. சந்தையில விக்கிற கீரையிலயும் இருக்கு. பழைய சங்கதிதான்.”

பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

“கேட்டியளோ? கண்டியில கண்டுபிடிச்சது உலகம் முழுக்க இருக்கு.”

மறுநாள் பத்திரிகையிலும் அப்படியே வந்தது. கீரை வரைக்கும் பரவிய கண்டியின் பெருமை. அவள் கடைசியாகச் சொன்ன இரண்டு சொல்லை எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

வியாழக்கிழமை பேராசிரியர் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்துப் போனாள். அவரோ கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லி, கடிதத்தின் பிரதியைக் கையில் கொடுத்தார். ஒன்றரைப் பக்கம், முழுவதும் புகழ்ச்சி. நடுவில் ஒரு வரி: ‘பச்சையவுருமணியின் தலைகீழ்த் துண்டு எல்லாத் தாவரங்களிலும் உண்டு என்று உலகில் முதன்முதலாகக் கண்டறிந்தவர் இவரே.’

நோர்வேயில் முதல் வருட மாணவன்கூட இதைப் படித்தால் சிரிப்பான். கிருஷாந்தி கடிதத்தை மேசையில் வைத்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

“சேர், இந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க. கெஞ்சிக் கேக்கிறேன்.”

“சும்மா தன்னடக்கம் காட்டாதையும், பிள்ளை,” என்றார் விவேகானந்தன், கண் கலங்க. “நான் காலமையே அனுப்பிட்டன்.”